வாளியக்காவும் ஊதுசுறாவும்

கணவர் இறந்தபோது வாளியக்கா தண்ணீருக்கு அடியில் இருந்தாள்.

கடல்மீன் காட்சிச்சாலையில் பாறைத் தொட்டி என்று ஒன்று இருந்தது. இரண்டு மாடி உயரம். உள்ளே சிமெண்டால் செய்த பாறைகள், அவற்றின் இடுக்குகளிலிருந்து மேல்வரைக்கும் நீண்டு ஆடும் கடற்பாசிக் கொடிகள், உடம்பைக் குத்தும் குளிர்ந்த நீர். அதற்குள் இறங்கிக் கண்ணாடியில் படியும் அழுக்கைத் தேய்ப்பது அவளுடைய வேலைகளில் ஒன்று. அன்றைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நின்ற ஒரு குடும்பம் கையாட்டியது. பார்க்க வருகிறவர்கள் கையாட்டினால் பதிலுக்கு ஆட்ட வேண்டும் என்பது சூப்பர்வைசரின் உத்தரவு. ஆட்டினாள். வேலை முடிந்து மேலே ஏறி வந்து முகமூடியைக் கழற்றினால், தொட்டி விளிம்பில் சூப்பர்வைசரும், நீரேற்றும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மோட்டார்காரரும் நிற்கிறார்கள். மோட்டார்காரர் ஒரு துண்டை நீட்டினார். அவர் அதுவரை யாருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்த ஆளில்லை. ஏதோ ஆகிவிட்டது என்று அதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு, வண்டியை நிழலில் ஓரங்கட்டி, கைபிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவர்தான். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து, அதே நிழலுக்குப் பின்னால் வந்த வேன்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவைத்துவிட்டுப் போன மனுஷன் என்று பள்ளியில் சொன்னார்கள்.

சூப்பர்வைசர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை வாளியக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஈரத்தை மாத்திட்டு வர்றேன் சார்" என்றாள். உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் தீனி வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அது அவள் கையோடு வந்த பழக்கம். எந்நேரமும் வாளியும் கையுமாக இருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அதற்கு முன்னால் அவள் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். கொட்டகையை மூடியதும், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, காட்சிச்சாலையின் தீனி அறையில் சேர்ந்தாள். கணவாயையும் கானாங்கெளுத்தியையும் அந்தந்த வாய்க்குத் தக்க அளவில் நறுக்குவது அங்கே அவள் வேலை. சில வருஷம் கழித்து, தொட்டியில் இறங்கிச் சுத்தம் செய்தவர் முதுகுவலியோடு நின்றுவிட்டார். ஒல்லியான ஆள் வேண்டும், பாறை இடுக்கில் நுழைய வேண்டும் என்று சூப்பர்வைசர் சுற்றும்முற்றும் பார்த்தார். கண்ணில் பட்டவள் இவள். நாற்பதைத் தாண்டிய பிறகு மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் முழுக்கப் பயந்து நடுங்கினாள். பிறகு அந்த வீட்டைவிட அந்தத் தொட்டி பரவாயில்லை என்று ஆகிவிட்டது. அங்கே யாரும் பேசாமல் இருப்பதில் அர்த்தம் எதுவும் இல்லை.

வீட்டில் அப்படியில்லை. அவளும் கணவரும் பேசிக்கொள்ளாமல் பல வருஷம் ஓடியிருந்தது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கதவுச் சாவி. பேச்சு மட்டும் இல்லை. மகள் இருந்தவரை அவள்தான் தபால்காரி. "உங்கம்மாகிட்ட சொல்லு", "உங்கப்பாவைக் கேளு" என்று வண்டி ஓடியது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் இருவரும் சுவரிடம் பேசத் தொடங்கினார்கள். "நாளைக்குத் தண்ணி வராதாம்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். அவள் குடத்தை நிரப்பி வைப்பாள். "அரிசி தீந்துபோச்சு" என்று அவள் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். மாலையில் அரிசி வந்திருக்கும். முதலில் கோபமாக இருந்தது, பிறகு வீம்பானது, அதற்கும் பிறகு வெறும் பழக்கம். காரணம் என்ன என்று அக்கம்பக்கத்தில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் அழுதார்கள். மகள் வந்து அழுது, கண் வீங்கி, விடுமுறை முடிந்து திரும்பிப் போனாள். வாளியக்காவுக்குக் கண்ணீர் வரவில்லை. துக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அப்பாடா என்று இருக்கிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை. அந்த வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். சூப்பர்வைசர், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாமே என்று இழுத்தார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவள் கேட்டாள்.

துணைக்கு நாத்தனார் வந்து தங்கினாள். கணவரின் ஒரே தங்கை. ஐம்பதைக் கடந்து, மூட்டுவலியும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தாலும் குடும்பத்தில் அவள் பெயர் இன்னும் 'பாப்பா'தான். வாயை வாடகைக்கு எடுத்தவள்போலப் பேசுவாள். அழுகையும் அப்படியே. காலையில் காபி ஆற்றும்போது அண்ணனை நினைத்து ஒரு முறை, துணி காயப்போடும்போது அவர் சட்டையைப் பார்த்து ஒரு முறை, படுக்கும்போது ஒரு முறை. அழுதுவிட்டு, நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்ப்பாள். அங்கே ஒன்றும் இருக்காது.

ஒரு மாலை வாளியக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ரேஷன் கடை நாளைக்கு லீவு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அடுக்களையிலிருந்து பாப்பா எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்ட அண்ணி பேசுற?"

வாளியக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்கிட்டதான்" என்றாள். பாப்பா நம்பவில்லை. அன்றிரவு தொலைபேசியில் யாரிடமோ, அண்ணி கல்லுளிமங்கி, மனசில் என்ன இருக்கிறதென்று அந்தச் சாமிக்கே தெரியாது, அண்ணனுக்காக ஒரு சொட்டு விடவில்லை என்று சொன்னது பக்கத்து அறைவரைக்கும் கேட்டது. வாளியக்கா கேட்டாள். கோபம்கூட வரவில்லை.

இனி ஊதுசுறாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுறா என்றதும் பல்லைக் காட்டிக்கொண்டு பாயும் ஒன்றைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஊதுசுறாவைக் காட்டினால் ஏமாந்துபோவார்கள். ஒரு கையை நீட்டினால் உள்ள நீளம், அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். தட்டையான அகலத் தலை, காதுக்குக் காது சிரிக்கிற மாதிரி வாய், பூனைக்கு இருப்பதுபோல நீள்வெட்டுக் கண். மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பில் கருந்திட்டுகள், அவற்றின்மேல் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள். பாறையோடு ஒட்டிக் கிடந்தால் பாறை எது சுறா எது என்று தெரியாது. பகல் முழுக்க இடுக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போட்ட சாக்குமாதிரி தூங்கும். இருட்டிய பிறகு தரையில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். தப்பித்தவறி எதிரே வந்த மீன் வாய்க்குள் போய்விடும். தேடிப் போய்ப் பிடிக்கிற வேலையே கிடையாது. "கவர்மெண்டு ஆபீஸ் மாதிரி" என்பார் மோட்டார்காரர்.

அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. யாராவது சீண்டினால் இடுக்குக்குள் நுழைந்து, உடம்பை வளைத்து, தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு, கடல்நீரை விழுங்க ஆரம்பிக்கும். உடம்பு இரண்டு மடங்கு பருத்துப் பாறைக்குள் இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தக் கொம்பனாலும் வெளியே இழுக்க முடியாது. கடிக்க வந்ததற்கு வாய் கொள்ளாது. ஆபத்து போய்விட்டது என்று அதற்குத் தோன்றினால் நீரைக் கக்கிவிட்டுப் பழையபடி ஆகிவிடும். தண்ணீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கும். அதை விடும்போது நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் வரும்.

தொட்டியில் இருந்தவற்றில் பெரியதன் பெயர் பூசணி. சிங்கிறால் பிடிக்கப் போட்ட கூண்டுக்குள் இரைக்காக நுழைந்து, கூண்டை மேலே இழுத்தபோது பயந்து ஊதிக்கொண்டு, கம்பிகளுக்கு நடுவே அப்படியே சிக்கிக்கொண்டதாம். கூண்டுக்காரர் வெட்டி எறிய மனமில்லாமல் கூண்டும் சுறாவுமாகக் கடல்நீர்த் தொட்டியில் போட்டுக் காட்சிச்சாலைக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு இருந்த உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். மதியக் காட்சியில் விளக்கை அணைத்து நீல ஒளி பாய்ச்சி, பார்ப்பவர்கள் கையில் மஞ்சள் கண்ணாடி கொடுப்பார்கள். அப்போது பூசணியின் புள்ளிகளெல்லாம் பச்சையாக ஒளிரும். கூட்டம் ஓவென்று சத்தம் போடும். பூசணி அசையாது.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் பாறைத் தொட்டியின் பெரிய கண்ணாடி ஓரத்தில் நீர் கசியத் தொடங்கியது. சூப்பர்வைசர் முதலில் அதன் முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்தார். பிறகு பெரிய பூந்தொட்டியாக மாற்றினார். ஒரு காலை வந்து பார்த்தால் நடைபாதை முழுக்கத் தண்ணீர், கண்ணாடி மூலையில் தலைமுடிபோல ஒரு விரிசல். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு பாத்தீங்களே சார்" என்று மோட்டார்காரர் முணுமுணுத்தார். சூப்பர்வைசர் காதில் விழாததுபோல வாசல் கதவை மூடச் சொன்னார். கண்ணாடி தாங்காது, நீரின் பாரத்தை உடனே குறைக்க வேண்டும், அதற்குள் உயிர்களையெல்லாம் பின்கட்டிலிருந்த வட்டத் தொட்டிகளுக்கு மாற்ற வேண்டும் என்று முடிவானது.

மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா வந்து எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். வாளியக்காவைவிட வயதில் மிகவும் சின்னவர். தொழிலில் கெட்டி. மற்ற மீன்களை வலையில் அள்ளலாம், ஊதுசுறாவை மட்டும் நீரோடு பைக்குள் ஏற்றி நீரோடுதான் கொண்டுபோக வேண்டும் என்றார்.

"தண்ணிய விழுங்கினா பிரச்சினையில்ல அக்கா, அதுவே கக்கிடும். காத்தை விழுங்கிடுச்சுன்னா வெளியே விடத் தெரியாம மிதக்கும். மிதந்தா செத்துடும்."

வாளியக்கா தலையாட்டினாள். இறங்கினாள். தூங்கிக்கொண்டிருந்த சுறாக்களுக்குக் கீழே கறுப்புப் பையை மெல்ல நகர்த்தி ஒவ்வொன்றாக மேலே அனுப்பினாள். கடற்பாசியில் சுருள் நூல்களால் கட்டிக்கொண்டு தொங்கிய முட்டைப் பைகளையும் கொடியோடு நறுக்கிக் கொடுத்தாள். தேன் நிறத்தில் சின்னப் பணப்பை மாதிரி இருக்கும். டாக்டரம்மா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே நூல்போல ஒரு குட்டி நெளிந்தது.

பூசணி மட்டும் மிச்சம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது மேலிருந்து யாரோ இறக்கிய வலையின் கம்பு பாறையில் மோதி அதன் முதுகில் உரசியது. பூசணி பக்கத்து இடுக்குக்குள் புகுந்தது. வால் வாய்க்குப் போனது. வாளியக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடுக்கு உடம்பால் நிறைந்து, நீர் நுழையக்கூட இடமில்லாமல் ஆயிற்று.

தொடாமல் விட்டால் தானாக வந்துவிடும். ஆனால் அந்த இடுக்கு தரையில் இல்லை, பாதி உயரத்தில் இருந்தது. நீரோ நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கியது. விரிசல் நீண்டுகொண்டே போனதால் நிறுத்தவும் முடியாது. விளக்குகளை அணைத்தார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். வாளியக்கா கீழ்ப்பாறையில் நின்றுகொண்டு காத்திருந்தாள். நீர் அவள் கழுத்துக்கு வந்தது, மார்புக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. இடுக்கு வெளியே தெரிந்தது. மோட்டார்காரர் குழாயை நீட்டி அதன்மேல் கடல்நீரைப் பாய்ச்சினார். பூசணி நீரைக் கக்கியது. அவள் கையை நீட்டுவதற்குள் மறுபடியும் வாயைத் திறந்தது. இந்த முறை உள்ளே போனது காற்று.

வெறும் காற்றடைத்த உடம்பு பாறைக்குள் இறுகிவிட்டது. டாக்டரம்மா மேலிருந்து, "உடைச்சிடுங்க" என்றார். மோட்டார்காரர் ஏணியில் இறங்கிக் கடப்பாரையால் இடுக்கின் சிமெண்டு விளிம்பைப் பெயர்த்தார். வாளியக்கா பூசணியை இரண்டு கையாலும் அணைத்து இழுத்தாள். உப்புத்தாள்போன்ற தோல். நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏணிப்படி ஏறினாள். பாதி வழியில் அது ஒரு தரம் குரைத்தது. வட்டத் தொட்டியில் விட்ட பிறகுதான், அவளுடைய முன்னங்கை இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம் வடிவதை மோட்டார்காரர் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள். உப்புநீர் பட்டால் எரிய வேண்டும். எரிந்ததா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பூசணி வயிற்றை மேலே காட்டிக்கொண்டு பந்துபோல மிதந்தது.

டாக்டரம்மா வாய்வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். கொஞ்சம் காற்று வந்தது, மிச்சம் வரவில்லை. ஊசி போட்டு எடுத்தால் குடலுக்கு ஆபத்து என்றார். இனி அதுவாக விட வேண்டும். அதுவரைக்கும் நிமிர்த்தி, தலை மேலாக நீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், செவுளில் நீர் ஓட வேண்டும், நடுநடுவே வயிற்றைத் தடவிக் கொடுக்க வேண்டும். ஆள் மாற்றி ஆள் பிடிப்பது என்று பேசிக்கொண்டார்கள். டாக்டரம்மா பிடித்தார், மோட்டார்காரர் பிடித்தார், சூப்பர்வைசர்கூடச் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, குளிர் தாங்காமல் ஏறிவிட்டார். மற்ற நேரமெல்லாம் வாளியக்காதான். இரவு காவலாளியின் அறையில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு விடிந்ததும் மறுபடி இறங்கினாள்.

வீட்டுக்கு வராத அண்ணியைத் தேடி அன்றைக்கு மதியம் பாப்பா சாப்பாட்டு அடுக்கோடு வந்து சேர்ந்தாள். காட்சிச்சாலைக்குள் அவள் கால் வைப்பது அதுவே முதல் தடவை. பின்கட்டுக்கு வழி கேட்டு வந்தவள், மார்பளவு நீரில் அண்ணி ஒரு புள்ளி போட்ட பெரிய மீனைக் கைக்குழந்தை மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். சாப்பாட்டு அடுக்கைக் கீழே வைத்தாள். கடிக்காதா, எவ்வளவு நேரமாக நிற்கிறாய், சாப்பிட்டாயா, கையில் என்ன காயம், இந்த மீன் செத்தால் உன் வேலை போய்விடுமா என்று வரிசையாகக் கேட்டாள். கடிக்காது என்பதற்கு மட்டும் பதில் கிடைத்தது. தொட்டி விளிம்பில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, உருண்டை உருண்டையாகப் பிசைந்து அண்ணியின் வாயில் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே அண்ணனைப் பற்றிப் பேசினாள். சின்ன வயதில் சைக்கிளில் வைத்துப் போனது, காய்ச்சலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, எல்லாம் பல தடவை சொன்ன கதைகள். வாளியக்கா மென்றுகொண்டே பூசணியின் வயிற்றைத் தடவினாள்.

"ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்காத அண்ணி" என்றாள் பாப்பா. "போன வருஷம் அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தப்போ கேட்டேன். எதுக்குடா ரெண்டு பேரும் இப்படி ஊமையா இருக்கீங்க, நீதான் போய்ப் பேசேன்னு."

வாளியக்கா மெல்வதை நிறுத்தினாள்.

"'எதுக்கு சண்டைன்னே மறந்துபோச்சு பாப்பா. இப்பப் போய் எதுக்குன்னு கேட்டேன்னு வை, அதுக்கு ஒரு சண்டை வரும்'னான். சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு."

நீரேற்றும் இயந்திரம் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பூசணியின் செவுள்கள் திறந்து மூடின.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் வாளியக்கா.

"என்னது?"

"உங்க சித்தப்பா வீட்டு விருந்து. நான் பரிமாறிட்டு வந்தேன். உங்க அண்ணன் தட்டை நகத்திக்கிட்டு, 'நீ வைக்காத, உன் கை நாறுது'ன்னார். பந்தியே சிரிச்சுது. கொட்டகையில வேலை பாத்த கை, எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுட்டுத்தான் வந்திருந்தேன்."

பாப்பா உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பந்தியில் அவளும் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாளா இல்லையா என்று நினைவில்லை.

"அதுக்கா?" என்றாள் கடைசியில், மெதுவாக.

"அதுக்குத்தான்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அழுதிருப்பார்கள். வாளியக்காவும் தனக்கு அழுகை வரப்போகிறது என்றுதான் நினைத்தாள். இத்தனை வருஷம் பூட்டிவைத்ததை வெளியே எடுத்துப் பார்த்தால், உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குத்தான் இருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நினைவில்கூட வைத்துக்கொள்ளவில்லை. அவள் தினமும் அடுப்படியில் நின்று நினைத்துக்கொண்டிருந்ததை, அடுத்த அறையில் இருந்த மனுஷன் எப்போதோ மறந்துவிட்டார். அது வலித்ததா, ஆறுதலாக இருந்ததா? இரண்டும் இல்லை. பூசணியைப் பிடித்திருந்த விரல்கள் விறைத்துப்போயிருந்தன. இடம் மாற்றிப் பிடித்தாள்.

பாப்பா மிச்சச் சோற்றை ஊட்டி முடித்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, "நகரு. நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன். நீ போய்ப் படு" என்றாள். மூட்டுவலிக்காரி ஏணியில் இறங்குவதைப் பார்த்து டாக்டரம்மா ஓடிவந்து, தேவையில்லை, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று தடுத்தார். ஆனாலும் அவள் நீரில் கால் நனைத்த பிறகுதான் ஏறினாள். எவ்வளவு குளிர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

டாக்டரம்மாவின் வற்புறுத்தலில் வாளியக்கா வீட்டுக்குப் போய் விழுந்து தூங்கினாள். வீட்டில் அன்று மாலை பாப்பா யாரிடமும் தொலைபேசியில் பேசவில்லை.

மறுநாள் வாளியக்கா வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. விடிந்து சற்று நேரத்தில், மோட்டார்காரர் பிடித்திருந்தபோது, பூசணி வாயைப் பிளந்து காற்றை விட்டதாம். தெருநாய் குரைத்த மாதிரி இருந்தது, பயத்தில் கையை விட்டுவிட்டேன் என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் அந்த நாய் ஓநாயாகிவிட்டது. வாளியக்கா வட்டத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பூசணி பழைய உடம்போடு தரையில் ஒட்டிக் கிடந்தது. நீள்வெட்டுக் கண் பாதி திறந்திருந்தது. டாக்டரம்மா அவள் முகத்தையே ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றாள் வாளியக்கா. வாளியை எடுத்துக்கொண்டு கணவாய் நறுக்கப் போனாள்.

பாறைத் தொட்டிக்குப் புதுக் கண்ணாடி வருவதற்கு நாளாகும் என்று தெரிந்தது. வட்டத் தொட்டிகள் போதாது. சின்னச் சுறாக்களை வேறொரு காட்சிச்சாலை ஏற்றுக்கொண்டது. முட்டைப் பைகளை டாக்டரம்மா தன் அறைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டார். குட்டிகள் முதுகில் இருக்கும் முள்வரிசையால் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வர இன்னும் பல மாதம் ஆகும். பூசணியைக் கடலிலேயே விட்டுவிடலாம் என்று அவரே மேலிடத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினார்.

கூண்டுக்காரரின் படகிலேயே போனார்கள். கடல் அமைதியாக இருந்தது. கரையோரப் பாறைகளைத் தாண்டிக் கடற்பாசிக் காடு மேலே மிதக்கும் இடத்தில் படகை நிறுத்தினார். டாக்டரம்மாவும் வாளியக்காவும் நீரோடு பையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வாளியக்கா அத்தனை வருஷம் வேலை பார்த்தது தொட்டிக்குள்தான். கடலுக்குள் இறங்கியது அன்றுதான். கொடிகள் தடித்து, பிசுபிசுத்து, ஒரே திசையில் சாய்ந்து, பிறகு எல்லாம் சேர்ந்து மறு திசையில் சாய்ந்தன. கீழே போகப்போக வெளிச்சம் பழுப்பாகி மங்கியது. தொட்டியில் செய்துவைத்த பாறைகளைவிட இந்தப் பாறைகள் அழுக்காகவும் கோணலாகவும் இருந்தன. சிப்பிகளும் பூஞ்சைபோன்ற ஏதேதோவும் அப்பியிருந்தன.

பாறையடியில் ஒரு நீண்ட பிளவு. டாக்டரம்மா விளக்கைக் காட்டினார். உள்ளே நாலைந்து ஊதுசுறாக்கள் ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துக் கிடந்தன. விளக்குக்கு ஒரு கண் மட்டும் சற்றுத் திறந்து மூடிக்கொண்டது. வாளியக்கா பையின் வாயை அவிழ்த்தாள். பூசணி வெளியே வந்து மணலில் படுத்தது. அங்கேயே கிடந்தது. போகும் என்று இருவரும் காத்திருந்தார்கள். மூச்சுக்குமிழ்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. காற்று தீரப்போகிறது என்று டாக்டரம்மா மணிக்கட்டைக் காட்டிச் சைகை செய்தார். அப்போதுதான் பூசணி அவசரமேதுமில்லாமல் உடம்பை ஒரு நெளி நெளித்து, பிளவின் ஓரமாக நகர்ந்து, கிடந்தவற்றின்மேல் தலையை வைத்தது. கீழே இருந்தது கொஞ்சம் இடம் கொடுத்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவற்றில் பூசணி எது என்று வாளியக்காவால் சொல்ல முடியவில்லை.

படகில் ஏறியதும், கீழே எப்படி இருந்தது என்று கூண்டுக்காரர் கேட்டார்.

"இருட்டா இருந்துச்சு" என்றாள். சிறிது நேரம் கழித்து, "கூட்டமா இருந்துச்சு" என்றாள்.

அடுத்த வாரம் பாப்பா தன் ஊருக்குக் கிளம்பினாள். அவளுக்கும் வீடு வாசல் இருக்கிறது. போகும்போது அழுதாள், ஆனால் நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தடவையாவது வந்து தங்கிவிட்டுப் போ, அண்ணன் இருந்தவரைக்கும் நீ வந்ததே இல்லை என்றாள். இருவரும் பேசாமல் இருக்கும்போது எப்படிச் சேர்ந்து வருவது என்று வாளியக்கா கேட்டாள். இப்போது அந்தச் சாக்கும் இல்லையே என்று பாப்பா சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாளியக்காவுக்கு அது தப்பாகப் படவில்லை.

அவள் அழுதாளா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். காட்சிச்சாலையில் யாரும் பார்த்ததில்லை. பாப்பாவும் பார்த்ததில்லை. கணவருடைய சட்டைகளை மடித்து மருமகனுக்கு ஆகுமா என்று மகளிடம் கேட்டாள். ஆகாது என்றதும் மோட்டார்காரரிடம் கொடுத்தாள். அவற்றில் ஒன்றை அவர் போட்டுக்கொண்டு வந்த அன்று, அவள் சற்று நேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று டாக்டரம்மா சொல்வார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே போய்விட்டாள்.

கோடையில் அவள் விடுப்பு கேட்டாள். சேர்ந்த நாள் முதல் தானாக விடுப்பு கேட்டது அதுவே முதல் தடவை. சூப்பர்வைசர் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பாப்பாவின் ஊரில் பேருந்து நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்தது. பாப்பா குடையோடு காத்திருந்தாள். தனியாக இல்லை, தெருவில் பாதியைக் கூட்டி வந்திருந்தாள்.

"இதுதான் எங்க அண்ணி" என்று அவர்களிடம் சொன்னாள். "தண்ணிக்குள்ள வேலை பாக்கறவ. சொன்னேன்ல?"

ஒரு பெண் வாளியக்காவின் முன்னங்கைகளை உற்றுப் பார்த்துவிட்டு, சுறா கடித்ததா என்று கேட்டாள். கடிக்கவில்லை, அதைத் தூக்கினேன், தோல் உரசிவிட்டது என்று வாளியக்கா சொன்னாள். எப்படித் தூக்கினாய் என்று இன்னொருத்தி கேட்டாள். பாப்பா தானே பதில் சொல்ல வாயெடுத்தவள், என்ன தோன்றியதோ, பேசாமல் குடையை விரித்து அண்ணியின் தலைக்குமேல் பிடித்தாள். வாளியக்கா பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, நடந்தபடியே சொல்லத் தொடங்கினாள்.